வண்ணமகள்

மே மாதத்துக்கு எனக்குச் சம்பளம் கிடையாது. அரசு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருப்பவர்களுக்கு ஆண்டில் பதினோரு மாதம்தான் ஊதியம். முனைவர் பட்டம், இரண்டு கவிதைத் தொகுப்புகள், பதின்மூன்று ஆண்டு வகுப்பறை, எல்லாம் சேர்ந்து எனக்கு அப்போது மாதம் 20,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் வழிகாட்டியிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையின் நகல் எங்கள் எல்லார் கைபேசியிலும் உண்டு. அதைக் காட்டி அரிசி வாங்க முடியாது.

மே மாதங்களில் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். போட்டித் தேர்வு மையத்தில் இலக்கணம் எடுத்திருக்கிறேன். ஒரு கோடை முழுக்க ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்த்தேன். நாற்பத்து மூன்றாம் வயதில், விழுப்புரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் நடந்த மணப்பெண் ஒப்பனைப் பயிற்சியில் சேர்ந்தேன். காரணம் வெறும் கணக்குதான். பழைய மாணவி ஒருத்தி தன் கல்யாணத்துக்கு மேக்கப் ஆர்ட்டிஸ்டுக்கு 18,000 ரூபாய் கொடுத்ததாகச் சொன்னாள். மாலை வரவேற்புக்கு ஒரு ஒப்பனை, விடியற்காலை முகூர்த்தத்துக்கு ஒரு ஒப்பனை. ஏறக்குறைய என் ஒரு மாதச் சம்பளம், ஒரே ராத்திரியில். பயிற்சிக் கட்டணம் 30,000. இரண்டு வளையல்களை அடகு வைத்தேன்.

தோழிகளிடம் சொன்னபோது முதலில் சிரித்தார்கள், பிறகு கோபித்துக்கொண்டார்கள். பெண்ணின் உடலை அலங்காரத்திலிருந்து மீட்க வேண்டும் என்று மேடைகளில் பேசியவள் நான். நகையையும் பட்டுப்புடவையையும் பெரியார் எத்தனை கடுமையாகக் கேள்வி கேட்டார் என்று மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பவளும் நான்தான். "நீ எழுதினதுக்கும் செய்யறதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குச் சாமர்த்தியமாக ஒரு பதில் சொல்லிவிட்டு நகர நான் விரும்பவில்லை. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டேதான் மாடிப்படி ஏறினேன்.

வகுப்பில் ஒன்பது பேர். இருவர் பார்லரில் உதவியாளராக இருந்தவர்கள். மூவர் கல்யாணமாகி, குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் ஏதாவது சம்பாதிக்க வேண்டும் என்று வந்தவர்கள். செஞ்சிப் பக்கத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்த ஒரு பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. ஒருத்தி நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டவள். இன்னொருவர் திருநங்கை. சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்குப் பத்து ஆண்டுகளாக ஒப்பனை செய்துவிட்டவர். "கை தெரியும்க்கா. ஆனா சர்டிபிகேட் காட்டலன்னா எந்தப் பார்லர்லயும் உள்ளயே விட மாட்டாங்க" என்றார். ஒன்பதாவது ஆள் நான். பயிற்றுநருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. எல்லாரும் அவரை மேடம் என்றார்கள். நான் கல்லூரியில் பாடம் நடத்துபவள் என்று தெரிந்ததும் அவரும் என்னை மேடம் என்றார். இரண்டு நாள் இரண்டு மேடங்களும் தடுமாறினோம். மூன்றாம் நாள் அவர் என்னை "அக்கா" என்று கூப்பிட்டார். வகுப்பு லேசாகிவிட்டது.

முதல் வாரம் முழுக்கச் சுத்தம்தான். பிரஷ்ஷை ஆல்கஹாலில் துடைப்பது, ஃபவுண்டேஷனைப் புட்டியிலிருந்து நேராக முகத்துக்குக் கொண்டுபோகாமல் ஒரு எஃகுத் தட்டில் எடுத்து அதிலிருந்து எடுப்பது, ஒருவர் கண்ணில் பட்ட மஸ்காரா குச்சியை மறுபடி குழலுக்குள் விடாமல் இருப்பது. நர்சிங் படித்த பெண்ணுக்கு இதெல்லாம் கைவந்தது. எனக்குப் பிடிபடாதது தொடுதல். இன்னொருத்தியின் தாடையை இரண்டு விரலால் பிடித்து, அவள் மூச்சு என் மணிக்கட்டில் படும் தூரத்தில் நின்று, இமை ஓரத்தில் கோடு இழுக்க வேண்டும். நான் வகுப்பில் கேசாதிபாதம் நடத்தியிருக்கிறேன். கூந்தலிலிருந்து பாதம் வரை ஒவ்வொரு உறுப்புக்கும் உவமை சொல்லியிருக்கிறேன். வில் போன்ற புருவம் என்று இத்தனை ஆண்டு சொன்ன நான், புருவம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு முகத்திலும் பார்த்ததில்லை. உண்மையான முகத்தில் ஒரு கண் இன்னொன்றைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கிறது. மூக்கின் இரு பக்கமும் ஒரே நிறமில்லை. உதட்டைச் சுற்றி, நெற்றி ஓரத்தில், கண்ணுக்குக் கீழே என்று ஒரே தோலில் நாலைந்து நிறங்கள் இருக்கின்றன.

இந்த நிறங்களைப் பற்றிய பாடம்தான் என்னை அந்த மாடியில் நிறுத்தி வைத்தது. வண்ணச் சக்கரத்தில் எதிரெதிரே இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று அடக்கும். நம் தோலில் கண்ணுக்குக் கீழே விழும் கருவளையம் நீலமும் சாம்பலும் கலந்தது. அதன் மேல் நேரடியாக வெளிர் நிறம் பூசினால் சாம்பல் பூத்துவிடும். முதலில் மெல்லிசாக ஆரஞ்சு, அதன் மேல் தோல் நிறம். தாடி மழித்த இடத்தின் நீலத்துக்கும் இதே வைத்தியம் என்று திருநங்கைத் தோழி செய்து காட்டினார். பயிற்றுநர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். "இத நானே உங்ககிட்டதான் கத்துக்கணும் போல" என்றார்.

அடுத்தது அடிநிறம். தோலின் மேல்நிறம் ஒன்று, உள்ளிருந்து தெரியும் சாயல் வேறு. மஞ்சள் சாயலா, சிவப்புச் சாயலா, இரண்டும் சமமா என்று பார்க்க வேண்டும். மணிக்கட்டு நரம்பு பச்சையாகத் தெரிகிறதா நீலமாகத் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லும் ஒரு சோதனை இருக்கிறது. எங்கள் ஒன்பது பேரில் நான்கு பேருக்கு நரம்பே தெரியவில்லை. வெள்ளைத் தோலை மனத்தில் வைத்துச் செய்த சோதனை, கறுத்த மணிக்கட்டில் என்ன சொல்லும்? ஃபவுண்டேஷன் நிறத்தை மணிக்கட்டில் பார்க்கக் கூடாது, தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று பயிற்றுநர் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொருவரையும் ஜன்னலோரம் உட்கார வைத்து நிறம் பார்த்தோம். என் தோலுக்கு என்சி 45 பொருந்தியது. எண் குறையக் குறைய நிறம் வெளுக்கும். நான் கலந்துகொண்ட கருத்தரங்குகளில் யாரும் என் நிறத்தை இவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை. என் வீட்டிலும் இல்லை. பள்ளி நாட்களில் என்னை எல்லாரும் கூப்பிட்ட பெயர் கருப்பி. 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி குழாய், என் அம்மாவின் பீரோவில் பத்திரங்களோடு இருந்தது. அதன் பெயரிலிருந்த 'ஃபேர்' 2020-இல் போய் 'க்ளோ' வந்தது. எங்கள் தெருக் கடையில் இன்றும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள், கொடுக்கிறார்கள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் நான் ஆண்டுதோறும் நடத்தும் ஒரு சொல் நினைவுக்கு வந்தது: மாமை. மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். சங்கக் கவிதையில் பெண்ணின் அழகு அந்த மாமை. காதலன் பிரிந்தால் அதை அழித்துக்கொண்டு படர்வது பசலை. வெளிறிய, பொன் போன்ற நிறம். குறுந்தொகையின் 27-ஆம் பாடலில் வெள்ளிவீதியார் தன் மாமையைப் பசலை தின்கிறதே என்றுதான் வருந்துகிறார். திருக்குறளில் பசலைக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, 119-ஆவது. அந்தக் கவிதைகளில் ஒரு பெண் வெளுத்துப்போனால் தாய் பதறுகிறாள், தோழி காரணம் தேடுகிறாள். வெளுப்பு அங்கே நோய். அதே மொழி பேசும் ஊரில் இன்று மணப்பெண்ணை வெளுக்க வைக்க 18,000 ரூபாய் கேட்கிறோம், கொடுக்கிறோம். எதனால் இப்படி ஆனது என்பதற்குச் சாதி, காலனியம், சினிமா, களிம்பு வியாபாரம் என்று பல காரணங்களை அடுக்கலாம். அடுக்கியிருக்கிறேன். ஆனால் தட்டில் ஃபவுண்டேஷனை எடுத்து வைத்துக்கொண்டு நிற்கும்போது, எந்த எண் என்பதுதான் கேள்வி.

பத்தாம் நாள் பயிற்றுநர் சொன்னார்: "ஷேடு கரெக்டா கண்டுபிடிச்சிட்டீங்களா? இப்ப அதுல இருந்து ரெண்டு ஏத்திப் போடுங்க." செஞ்சிப் பெண் கேட்டாள், "அப்ப எதுக்கு மேடம் கரெக்டா கண்டுபிடிச்சோம்?" எல்லாரும் சிரித்தோம், பயிற்றுநரும்தான். பிறகு அவர் சொன்னது சிரிக்கும்படி இல்லை. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு பெண்ணுக்கு அவள் நிறத்திலேயே ஒப்பனை செய்திருக்கிறார். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி மணமேடைக்குக் கீழே நின்று, "மேக்கப்பே போடலியா?" என்று கேட்டிருக்கிறாள். மீதிப் பணம் வரவில்லை. அட்வான்ஸ் 3,000 ரூபாயோடு, பட்டுப்புடவைக்கு மடிப்பு எடுத்த கைவலியோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். "எனக்கும் தெரியும்க்கா, நல்லா இல்லன்னு. ஃபிளாஷ் அடிச்சா முகம் தனியா, கழுத்து தனியா தெரியும். ஆனா வாடகை குடுக்கணுமே." இவரை வெளுப்பு வியாபாரி என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அந்த அத்தையின் கேள்வியும் அந்த வராத பணமும் அவருக்குப் பாடம் நடத்தியிருக்கின்றன. நாற்பது நிறங்களில் ஃபவுண்டேஷன் கொண்டு ஃபென்டி பியூட்டி 2017-இல் வந்தபோது உலகமே பேசியது. கடையில் எண் இருந்தால் போதாது. அந்த எண்ணைப் போட்ட கைக்கு மீதிப் பணம் வர வேண்டும்.

மதியச் சாப்பாட்டின்போது செஞ்சிப் பெண் என்னிடம் தனியாக ஒன்று கேட்டாள். "அக்கா, பொண்ணு வீட்டுல என்ன ஆளுங்கன்னு கேப்பாங்களா?" அவள் காலனியில் வசிக்கிறவள். கிராமத்தில் வீட்டுக்கு வீடு டம்ளர் எப்படிக் கொடுப்பார்கள் என்று தெரிந்தவள். வகுப்பில் என் நெற்றியையும் கன்னத்தையும் உதட்டையும் தொட்டுப் பழகியவள். கல்யாண வீட்டில், மஞ்சள் தேய்த்துக் குளித்து வந்த மணப்பெண்ணின் முகத்தை அவள் தொடலாமா என்பதை யாராவது முடிவு செய்வார்களோ என்று கேட்கிறாள். கேட்பார்கள் என்றுதான் சொன்னேன். நேராகக் கேட்க மாட்டார்கள், எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன என்று சுற்றிவந்து கேட்பார்கள். "அப்ப என்ன சொல்லட்டும்?" என்றாள். என்னிடம் அதற்குத் தயாரான வாக்கியம் எதுவும் இருக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த திருநங்கைத் தோழி சொன்னார்: "அட்வான்ஸ கைல வாங்கிட்டு எந்தத் தெருன்னாலும் சொல்லு. வாங்கறதுக்கு முன்னாடி ஊரு விழுப்புரம்னு மட்டும் சொல்லு." கோட்பாட்டு நூல்களில் நான் படித்த பல பக்கங்களைவிட அந்த அறிவுரை உதவியாக இருந்தது. அது போதாது என்பதும் மூன்று பேருக்கும் தெரிந்தது.

முகத்தைத் தொடும் உரிமை யாருக்கு என்ற கேள்வி பழையது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடும் நீருக்கு 10 வகைத் துவர், 5 வகை விரை, 32 வகை ஓமாலிகை என்று இளங்கோ கணக்குச் சொல்கிறார். காலிலிருந்து தலைவரை அணிகளைச் சொல்கிறார். அவற்றை இடித்து ஊறவைத்த கைகளைச் சொல்வதில்லை. அந்தக் கைகளுக்கு அகராதியில் மட்டும் ஒரு பெயர் கிடக்கிறது: வண்ணமகள். கோலம் செய்பவள். அவள் அரசிக்கும் செல்வப் பெண்ணுக்கும் ஏவல் செய்தவள். அதே வேலை சினிமாவில் சம்பளமும் சங்கமும் உள்ள தொழிலாக ஆனபோது அது ஆண்களுடையதாகிவிட்டது. ஜெமினி ஸ்டுடியோவின் ஒப்பனை அறையை அசோகமித்திரன் எழுதியிருக்கிறார். கதாநாயகனுக்கும் நாயகிக்கும் தலைமை ஒப்பனைக்காரர், அடுத்தவர்களுக்கு உதவியாளர், கும்பலாக வருகிறவர்களுக்கு ஆபீஸ் பையன் என்று படிநிலை. அந்த அறையில் வேலை செய்தவர்களாக அவர் சொல்கிறவர்கள் எல்லாரும் ஆண்கள்.

மும்பைத் திரைத்துறையில் இது எழுதப்பட்ட விதியாகவே இருந்தது. அங்குள்ள ஒப்பனைக் கலைஞர் சங்கம் பெண்களுக்குச் சிகை அலங்காரம் செய்ய மட்டுமே அட்டை கொடுத்தது. ஒப்பனைக்கான அட்டை ஆண்களுக்கு மட்டும். வெளிநாட்டில் முறையாக ஒப்பனை படித்துவிட்டு வந்த சாரு குரானாவுக்கு உறுப்பினர் அட்டை மறுக்கப்பட்டது. அவரும் வேறு பெண்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2014 நவம்பர் 10 அன்று நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் யு.யு. லலித்தும் அந்த விதியை ரத்துசெய்தார்கள். சமத்துவம், விரும்பிய தொழில் செய்யும் உரிமை, வாழ்வுரிமை எல்லாவற்றுக்கும் அது எதிரானது என்றார்கள். 50 ஆண்டுகளுக்கும் மேல் நடந்த வழக்கம் அது. இதை நான் வகுப்பில் சொன்னபோது பார்லரில் வேலை பார்த்த ஒருத்தி நம்பவில்லை. "பொம்பளைக்குப் பொம்பள மேக்கப் போடறதுக்கு கேஸா?" என்றாள். பெண்கள் வீட்டில் சும்மா செய்தால் குணம், கூலிக்குச் செய்தால் மலிவு வேலை. அதற்கு மரியாதையும் பணமும் வந்ததும் ஆண்களின் தொழில். சமையலில் நாம் பார்த்ததுதான்.

பயிற்சி முடிந்ததும் பயிற்றுநருக்கு உதவியாளராக ஒரு கல்யாணத்துக்குப் போனேன். ஒரு இரவுக்கு 1,500 ரூபாய். முகூர்த்தம் நாலரைக்கு ஆறு. ஒன்றரை மணிக்கு ஒப்பனை தொடங்க வேண்டும். மணமகள் அறையில் எட்டுப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மணப்பெண் கணக்கு படித்தவள், ஒரு தனியார் பள்ளி ஆசிரியை, என் நிறம். பயிற்றுநர் ஜடை தைத்துக்கொண்டிருந்ததால் முகத்துக்கு அடித்தளம் போடும் வேலை எனக்கு வந்தது. இடப்பக்கம் அவள் நிறத்திலேயே போட்டேன். வலப்பக்கம் இரண்டு எண் ஏற்றிப் போட்டேன். அவள் கைபேசியிலேயே ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். வலப்பக்கம் கன்னம் மாவு அப்பியது போல இருந்தது. அவள் நன்றாகப் பார்த்தாள். "இடது பக்கம்தான் நல்லா இருக்கு மேடம். நான் மாதிரியே இருக்கேன்" என்றாள். பிறகு, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஆனா இன்னிக்கு ஒருநாள் மட்டும் யாரும் எதுவும் சொல்லாம இருந்தா போதும் மேடம்."

ஒரு எண் ஏற்றினேன். கழுத்துக்கும் காதுக்கும் கைகளுக்கும் அதே நிறத்தை இழுத்துவிட்டேன், முகம் தனியாகத் தெரியக் கூடாதென்று. அவளிடம் மாமையைப் பற்றிப் பேச நினைத்தேன், பேசவில்லை. பிறந்ததிலிருந்து நிறம் பற்றிக் கேட்டு வளர்ந்த ஒருத்தி, முந்நூறு பேர் உற்றுப் பார்க்கும் மேடையில் ஒரு நாள் நிம்மதி கேட்கிறாள். அந்த மேடையில் அவளைத் தனியாக நிறுத்தி என் அரசியலைச் சோதித்துப் பார்க்க எனக்கு உரிமையில்லை. மாப்பிள்ளை வீட்டு அத்தைகளோடு சண்டை போட வேண்டியது நான், பகலில், என் பெயரில். அதைத்தான் இந்தக் கட்டுரையில் செய்துகொண்டிருக்கிறேன்.

இப்போது மூன்றாம் ஆண்டாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஜூனிலிருந்து ஏப்ரல் வரை தமிழ்த்துறை, வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்களின் இரவுகளில் மண்டபம். வளையல்களை மீட்டுவிட்டேன். பசலைப் பாடல் நடத்தும்போது மாணவிகளை ஜன்னலோரம் அழைத்து அவர்கள் கையை மாந்தளிரோடு வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். கல்லூரி வாசலில் மாமரம் இருப்பது வசதி. "அப்ப பசலைக்கு எந்த ஷேடு மேடம்?" என்று ஒருத்தி கேட்டாள். "நீ வாங்கற ஷேடுதான்" என்றாள் பக்கத்து பெஞ்சுக்காரி.

அலங்காரம் பெண்ணை என்ன செய்கிறது என்ற தோழியின் கேள்வி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதோடு வேறு சிலவும் சேர்ந்திருக்கின்றன. இரவு ஒரு மணிக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் தனியாக வரும் பெண்ணுக்கு மண்டபத்தில் படுக்க இடம் உண்டா? கழிப்பறை உண்டா? மீதிப் பணம் தாலி கட்டுவதற்கு முன்பே கைக்கு வருமா? எங்கள் ஒன்பது பேருக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் யாரும் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். பணம் தராத வீடுகள், சாதி விசாரிக்கும் வீடுகள் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். ஒருவர் மறுத்த இடத்துக்கு மற்றவர் குறைந்த விலைக்குப் போவதில்லை. இரண்டு முறை அந்த முடிவு உடைந்திருக்கிறது, மறுபடி பேசி ஒட்டியிருக்கிறோம். செஞ்சிப் பெண் இப்போது தனியாகவே வேலை எடுக்கிறாள், ஒரு கல்யாணத்துக்கு 12,000 ரூபாய். போன வாரம் குழுவில் ஒரு மணப்பெண்ணின் படத்தைப் போட்டிருந்தாள். முகமும் கழுத்தும் ஒரே நிறம். கீழே எழுதியிருந்தாள்: "ஏத்தல. ஃபுல் பேமெண்ட் வந்திருச்சு."